ஒரு குட்டி ஊரின் பேர்... ஆண்டுக்கு 60 கோடி பாட்டில்! புரோசெக்கோ பிறந்த கதை

உடம்பு முழுக்கத் தங்க நிறப் பூச்சு. கையில் அதே நிறத்தில் ஒரு கேன். இன்ஸ்டாகிராம் எல்லாம் பிறக்காத 2006-ல், ஆஸ்திரியக் கம்பெனி ஒன்றின் விளம்பரத்துக்காக பாரிஸ் ஹில்டன் கொடுத்த போஸ் இது. கேனுக்குள் இருந்தது கோலாவும் இல்லை, எனர்ஜி டிரிங்க்கும் இல்லை. புரோசெக்கோ! வடகிழக்கு இத்தாலியின் மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகத் திராட்சை வளர்ப்பவர்கள் கொதித்துப்போனார்கள். ஒயினைத் தகர டப்பாவில் அடைப்பதா என்பது ஒரு கோபம். நம்ம ஒயினின் பேரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கிட்டுப் போகலாமா என்பது அதைவிடப் பெரிய கோபம்.

சரி, கேஸ் போட்டுத் தடுக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அப்போது 'புரோசெக்கோ' என்பது சட்டப்படி ஒரு திராட்சை ரகத்தின் பேர். மல்கோவா மாதிரினு வெச்சுக்கோங்க. மல்கோவா கன்றை எந்த ஊரில் நட்டாலும் காய்ப்பது மல்கோவாதான். அந்தப் பேரில் விற்காதேனு யாரும் சொல்ல முடியாது. புரோசெக்கோ கொடியும் அப்படித்தான் பிரேசில் வரைக்கும், ஆஸ்திரேலியா வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றே வருஷத்தில் இத்தாலி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. தந்திரம்னு சொல்றவங்களும் இருக்காங்க. அந்தக் கதைக்குள் போறதுக்கு முன்னாடி, இது என்ன ஒயின்னு பார்த்துடலாம்.

(குடிங்கனு சொல்ற கட்டுரை இல்லை மக்களே. பாட்டில் மேல ஒட்டியிருக்கிற பேரைப் பத்தின கட்டுரை.)

குமிழ் எங்கிருந்து வருது?

ரீல்ஸில் ஐரோப்பா டூர் போறவங்க கையில் ஆரஞ்சு கலரில் ஒரு கிளாஸ் இருக்குமே, அபெரோல் ஸ்பிரிட்ஸ்... அதில் அபெரோலைவிட அதிகமாக ஊற்றப்படுவது புரோசெக்கோதான். வெனிஸ் நகரத்து ஹாரிஸ் பாரில் பிறந்த பெல்லினியும் வெள்ளை பீச் பழக்கூழோடு புரோசெக்கோ கலந்ததுதான். வெள்ளை ஒயின், லேசான இனிப்பு வாசம், மேலே துள்ளும் குமிழ்கள். ஆல்கஹால் சுமார் 11 சதவீதம்.

குமிழ்னு சொன்னதும் 'அப்போ இது சீப்பான ஷாம்பெயினா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இல்லை. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். ரெடியான ஒயினில் ஈஸ்ட்டும் சர்க்கரையும் சேர்த்து இரண்டாவது முறை நொதிக்க வைப்பார்கள். அப்போது வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடை வெளியே விடாமல் அடைத்துவைத்தால் அது ஒயினுக்குள்ளேயே கரைந்துவிடும். மூடியைத் திறந்ததும் அதுதான் குமிழாகக் கிளம்புகிறது. ஷாம்பெயினில் இந்த வேலை ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் தனித்தனியாக நடக்கும். குறைந்தது 15 மாதம் காத்திருக்க வேண்டும். புரோசெக்கோவில் பெரும்பாலும் பிரமாண்டமான ஸ்டீல் டேங்கில், அழுத்தத்தோடு, மொத்தமாக நடக்கும். குறைந்தபட்சம் 30 நாள் போதும்.

இந்த டேங்க் முறைக்கு 1895-ல் காப்புரிமை வாங்கியவர் ஃபெடெரிகோ மார்ட்டினோட்டி என்ற இத்தாலியர். 1907-ல் அதை மேம்படுத்தியவர் யூஜின் ஷார்மா என்ற பிரெஞ்சுக்காரர். உலகம் முழுக்க 'ஷார்மா முறை'னுதான் சொல்றாங்க. இத்தாலிக்காரர்கள் மட்டும் விடாப்பிடியாக 'மார்ட்டினோட்டி முறை' என்கிறார்கள். பேருக்காகச் சண்டை போடுவது அங்கே இன்று நேற்று ஆரம்பித்ததில்லை!

டேங்க் முறை செலவு குறைவு என்பது உண்மை. ஆனா, காரணம் அது மட்டும் இல்லை. இந்தத் திராட்சையின் அழகே அதன் பேரிக்காய், பச்சை ஆப்பிள், வெள்ளைப்பூ வாசம்தான். மாசக்கணக்கில் ஈஸ்ட்டோடு பாட்டிலில் கிடந்தால் ரொட்டி வாசம் ஏறி, பழ வாசம் அமுங்கிப்போகும். சீக்கிரம் செய்து சீக்கிரம் திறக்க வேண்டிய ஒயின் இது. வருஷக்கணக்கில் அலமாரியில் பூட்டிவைத்தால் மதிப்பு ஏறும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க.

குமிழே இல்லாத புரோசெக்கோவும் உண்டு. குமிழ் குறைவான 'ஃப்ரிஸான்தே'யும் உண்டு. பழைய கிராமத்து ஸ்டைலில் பாட்டிலுக்குள்ளேயே நொதித்து, அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கி, கலங்கலாக இருக்கும் 'கொல் ஃபோந்தோ' ரகமும் இருக்கிறது. ஆனால், உலகம் வாங்குவதெல்லாம் பெரும்பாலும் முழுக் குமிழ் கொண்ட 'ஸ்புமான்தே'தான்.

ஒரே கையெழுத்தில் திராட்சைக்கு பேர் மாத்தம்!

இப்போ 2009-க்கு வருவோம். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி, ஊர்ப் பேருக்குப் புவிசார் பாதுகாப்பு வாங்கலாம். திராட்சை ரகத்தின் பேருக்கு வாங்க முடியாது. அதே 2009 ஆகஸ்ட் 1-ம் தேதி முதல் ஒயினுக்கான ஐரோப்பிய யூனியனின் புதிய விதிகள் அமலுக்கு வரவிருந்தன. அதற்கு இரண்டே வாரம் இருக்கும்போது, ஜூலை 17-ம் தேதி இத்தாலி ஓர் அரசாணை வெளியிட்டது. அப்போதைய விவசாய அமைச்சர் லூக்கா ஜாயா. அவர் சொந்த ஊரே கொனெலியானோ, அதாவது புரோசெக்கோ தேசத்தின் நடுமையம்.

அரசாணை இரண்டு வேலை செய்தது. முதல் வேலை, 'புரோசெக்கோ' என்ற திராட்சையின் பேரை 'கிளேரா' என்று மாற்றியது. கிளேரா என்பது அந்தத் திராட்சைக்கே ட்ரியெஸ்தே நகரத்துப் பக்கம் வழங்கிய ஒரு பழைய பேர். தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வேலை, இனி புரோசெக்கோ என்றால் ஓர் இடத்தின் ஒயின் என்றது. எந்த இடம்? ட்ரியெஸ்தே பக்கத்தில் புரோசெக்கோ என்ற பேரில் ஒரு குட்டி ஊர் நிஜமாகவே இருக்கிறது. திராட்சைக்கு அந்தப் பேர் வந்ததே அந்த ஊரிலிருந்துதான் என்பது பொதுவான நம்பிக்கை. ஊர்ப் பேர் கிடைச்சாச்சு, பாதுகாப்பும் கிடைச்சாச்சு!

ஆனால், அந்த ஊர் மட்டும் போதுமா? அங்கே விளைவது ரொம்பக் கொஞ்சம். புரோசெக்கோவைப் பேர் சொல்ல வைத்த கொனெலியானோ, வால்தோபியாதெனே மலைகளோ அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ட்ரெவிசோ மாகாணத்தில் இருக்கின்றன. அதனால் எல்லையை அந்தக் கடலோர ஊரையும் இந்த மலைகளையும் சேர்த்து அணைக்கும்படி வரைந்தார்கள். வெனெட்டோ, ஃப்ரியூலி வெனீசியா ஜூலியா என இரண்டு மாநிலங்கள், அவற்றில் ஒன்பது மாகாணங்கள். இந்த எல்லைக்குள் விளைந்து, குறைந்தது 85 சதவீதம் கிளேரா இருந்தால்தான் பாட்டிலில் 'புரோசெக்கோ டி.ஓ.சி' என்று போடலாம். கண்ணாடி பாட்டிலில்தான் அடைக்க வேண்டும். ஹில்டன் கேனுக்கு அத்தோடு குட்பை.

எல்லாம் பக்காவாகத்தான் இருக்கிறது. எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பேரைக் காப்பாற்றுகிறோம் என்று ஆரம்பித்து, அந்தப் பேருக்குச் சொந்தமான நிலத்தை ஒரேயடியாக ஒன்பது மாகாணத்துக்கு விரித்துவிட்டார்கள். மலையில் கஷ்டப்பட்டவர்கள் சம்பாதித்த பேர், மெஷின் வைத்து அறுவடை செய்யும் சமவெளிக்கும் சேர்ந்து கிடைத்தது. விளைவு, 2021-லிருந்து டி.ஓ.சி புரோசெக்கோ மட்டுமே ஆண்டுக்கு 60 கோடி பாட்டிலுக்கு மேல் போகிறது. ஷாம்பெயினின் ஆண்டு விற்பனை சுமார் 30 கோடி பாட்டில். அதைப்போல இரண்டு மடங்கு!

மலைக்காரங்க என்ன ஆனாங்க?

அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. 1969-லிருந்தே டி.ஓ.சி அந்தஸ்தில் இருந்த கொனெலியானோ வால்தோபியாதெனே மலைப்பகுதிக்கு, அதே 2009-ல் இத்தாலிய ஒயின் வரிசையின் உச்சப் படியான டி.ஓ.சி.ஜி அந்தஸ்து கொடுக்கப்பட்டது. பக்கத்திலிருக்கும் அசோலோ மலைக்கும் கிடைத்தது. இங்கே விதிகள் கறார். சமவெளியில் ஒரு ஹெக்டேருக்கு 18 டன் திராட்சை வரை எடுக்கலாம், மலையில் 13.5 டன்தான். மலைக்குள்ளேயே 'ரிவே' என்ற பேரில் 43 தனிச்சரிவுகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சரிவில் விளைந்தது என்று பாட்டிலிலேயே போடலாம். எல்லாவற்றுக்கும் மேல கார்டிட்ஸே என்ற ஒரு குன்று. மொத்தமே 107 ஹெக்டேர். புரோசெக்கோ குடும்பத்தின் ராஜா அதுதான், விலையிலும்!

இந்தச் சரிவுகளின் போட்டோவை ஒருமுறை தேடிப் பாருங்க. முதுகெலும்பு மாதிரி வரிசையாக ஏறி இறங்கும் ஒல்லிக் குன்றுகள். கல் சுவர் கட்டாமல், புல் வேரின் பிடிப்பிலேயே நிற்கும் குறுகலான படிகள். அவற்றுக்கு 'சில்யோனி' என்று பேர். பல இடங்களில் டிராக்டர் ஏறவே ஏறாது. கவாத்தும் கையால்தான், அறுவடையும் கையால்தான். 2018-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலுக்கான முயற்சி கைகூடவில்லை. மறுவருஷம், 2019 ஜூலையில், பாகு நகரத்துக் கூட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது.

ஆனா, அழகான போட்டோவுக்குப் பின்னாடி வேறு பஞ்சாயத்தும் ஓடிக்கொண்டிருந்தது. திராட்சை லாபம் தர ஆரம்பித்ததும் புல்வெளிகளும் காட்டு ஓரங்களும் தோட்டமாக மாறின. வீட்டு ஜன்னல் வரைக்கும், பள்ளிக்கூட வேலி வரைக்கும் கொடிகள் வந்தன. கூடவே பூச்சிமருந்துத் தெளிப்பும். உள்ளூர் மக்கள் ஊர்வலம் போனார்கள். கடைசியில் டி.ஓ.சி.ஜி பகுதியில் கிளைஃபோசேட் களைக்கொல்லிக்கு 2019-லிருந்து தடை வந்தது.

அதே 2019-ல் படுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இந்த மலையில் ஒரு பாட்டில் புரோசெக்கோவுக்கு சுமார் 3.3 கிலோ மண் அரித்துப்போகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. பாட்டிலில் ஒயின் முக்கால் லிட்டர். அதற்குப் போகும் மண் அதைப்போல நாலு மடங்கு எடை! மழை, சரிவு, மண்வகையை வைத்து மாடலில் போட்ட கணக்கு இது என்பதால் உற்பத்தியாளர்கள் ஏற்கவில்லை. ஆய்வாளர்கள் தீர்வும் சொல்லியிருந்தார்கள்: கொடி வரிசைகளுக்கு நடுவே மண்ணை மொட்டையாக விடாமல் புல்லை வளரவிட்டாலே அரிப்பு பாதிக்கும் கீழே இறங்கும். அந்தக் காலத்துப் படிகள் அத்தனை வருஷம் புல்லை நம்பித்தானே நின்றன?

லேபிளில் ஒரு குழப்பம்

புரோசெக்கோ பாட்டிலைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறும் இடம் இது. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருந்தால் இனிப்பே இருக்காதுனுதானே நினைப்போம்? நேர்மாறு. லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருந்தால் அது 'புரூட்'. 12-லிருந்து 17 கிராம் வரை இருந்தால்தான் 'எக்ஸ்ட்ரா டிரை'. வெறும் 'டிரை' என்றால் 17-லிருந்து 32 கிராம் வரை, அதாவது இன்னும் இனிப்பு! ஐரோப்பியர்கள் பாயசம் மாதிரி இனிப்பாக ஒயின் குடித்த காலத்தில் வைத்த பேர்கள் அப்படியே தங்கிவிட்டன.

பிங்க் கலர் பாட்டில் பார்த்தால் அது 2020-க்குப் பிறகு வந்தது. கிளேராவோடு 10 முதல் 15 சதவீதம் பினோ நேரோ என்ற கறுப்புத் திராட்சை ஒயினைச் சேர்த்து, டேங்கில் குறைந்தது 60 நாள் வைத்துச் செய்யும் 'ரோஸே'. இது டி.ஓ.சி-யில் மட்டும்தான். மலைக்காரர்களின் டி.ஓ.சி.ஜி-யில் பிங்க் கிடையாது. 'பாரம்பரியம்... பாரம்பரியம்' என்று சட்டம் போட்டவர்களே மார்க்கெட் கேட்டதும் புது கலர் கொண்டுவந்ததை அங்கேயே பலர் கிண்டல் செய்தார்கள்.

சிங்கப்பூர் கோர்ட் முதல் கிண்டி வரை

சொந்த நாட்டில் சட்டம் போட்டாச்சு. வெளிநாடு கேட்குமா? இங்கேதான் ஓட்டோ டால் சோட்டோவின் கதை வருகிறது. வால்தோபியாதெனே மண்ணில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்குக் குடியேறியவர். அங்கே கிங் பள்ளத்தாக்கில் 1999-ல் புரோசெக்கோ கொடியை நட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நட்டார்கள். பத்து வருஷம் கழித்து இத்தாலி 'அது திராட்சையின் பேர் இல்லை' என்றால், நட்டவர்களுக்கு எப்படி இருக்கும்? நர்சரியில் வாங்கும்போது அந்தக் கன்றின் பேர் புரோசெக்கோதான்.

ஐரோப்பா ஆஸ்திரேலியாவில் இதைப் புவிசார் குறியீடாகப் பதிய முயன்றபோது, 2013-ல் தோற்றுப்போனது. அங்கே புரோசெக்கோ இன்னும் திராட்சை ரகம்தான் என்று முடிவானது. இரண்டு தரப்பும் சிங்கப்பூரிலும் மோதின. 2022-ல் உயர் நீதிமன்றம் ஆஸ்திரேலியர்கள் பக்கம் நின்றது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி இத்தாலிக்கு வெற்றி தந்தது. ஐரோப்பாவோடு வர்த்தக ஒப்பந்தம் போட்ட நியூசிலாந்து, ஒப்பந்தம் அமலுக்கு வந்த 2024 மே மாதத்திலிருந்து ஐந்து வருஷத்துக்குள் அந்தப் பேரைக் கைவிடச் சம்மதித்துவிட்டது.

இந்தியாவிலும் புரோசெக்கோ பதிவான புவிசார் குறியீடுதான். நாட்டின் புவிசார் குறியீடு பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். புரோசெக்கோவின் ஃபைலும் அந்த ஆபீஸைத் தாண்டித்தான் வந்திருக்கிறது!

எல்லாவற்றிலும் ருசியான சண்டை, பக்கத்து நாடான குரோஷியாவோடு. அங்கே டால்மேஷியா கடற்கரையில் 'புரோஷெக்' என்ற ஒயின் உண்டு. உலர்த்திய திராட்சையில் செய்வது, குமிழ் இல்லை, நல்ல இனிப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு சின்ன கிளாஸில் குடிப்பது. புரோசெக்கோவுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. 2013-ல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்த குரோஷியா, இந்தப் பேரைப் பாரம்பரியச் சொல்லாகப் பாதுகாக்கக் கேட்டது. 2021 செப்டம்பரில் அந்த விண்ணப்பம் அதிகாரபூர்வமாக வெளியானதும் இத்தாலி முழுக்கக் கொந்தளிப்பு. பேர் ஒரே மாதிரி காதில் விழுகிறது, வாங்குபவர்கள் குழம்புவார்கள் என்பது இத்தாலியின் வாதம். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இதுதான் பேர் என்பது குரோஷியர்களின் வாதம்.

இதில் வேடிக்கை என்னன்னா, டி.என்.ஏ சோதனையில் கிளேரா திராட்சையும், குரோஷியாவின் இஸ்ட்ரியா பகுதியில் கிடைத்த 'தெரான் பியெலி' என்ற பழைய திராட்சையும் ஒன்றே என்று தெரியவந்திருக்கிறது. கொடிக்கு எல்லை தெரியாதுல்ல?

அந்தக் குட்டி ஊர் இப்போ எப்படி இருக்கு?

ட்ரியெஸ்தே நகரத்துக்கு மேலே, சுண்ணாம்புப் பாறைப் பீடபூமியின் விளிம்பில், கீழே ஏட்ரியாடிக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது புரோசெக்கோ. ஸ்லோவேனியா எல்லை கூப்பிடு தூரம். ரோமானிய எழுத்தாளர் பிளினி 'புசினும்' என்ற ஒயினைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்த பேரரசி லிவியா, தன் ஆயுளுக்குக் காரணமாகச் சொன்ன ஒயின் அது. 16-ம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியைச் சுற்றிய ஃபைன்ஸ் மோரிசன் என்ற இங்கிலாந்துப் பயணி, அந்தப் புசினும்தான் இப்போதைய புரோசெக்கோ என்று எழுதிவைத்தார். அது உண்மையா என்று நிரூபிக்க வழியில்லை. அவர் காலத்து ஒயினில் இன்றைய குமிழும் இருந்திருக்காது. குமிழ் எல்லாம் 1868-ல் அந்தோனியோ கார்பெனே கொனெலியானோ பக்கம் கம்பெனி தொடங்கியதற்குப் பிறகு வந்த சமாச்சாரம்.

ஊரிலிருந்து கடலுக்கு இறங்கும் சரிவில் கல்லடுக்கிய பழைய படிகள் இருக்கின்றன. பல படிகள் கைவிடப்பட்டு, முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கின்றன. பேரைக் கொடுத்ததற்குப் பதிலாக இந்தச் சரிவுகளைச் சீரமைக்க உதவுவோம் என்று 2009-ஐ ஒட்டிக் கொடுத்த உறுதிமொழிகள் சொன்னபடி நடக்கவில்லை என்பது இங்குள்ள திராட்சை விவசாயிகளின் நாள்பட்ட மனக்குறை. அவர்கள் அதிகம் பெருமைப்படுவது விதோவ்ஸ்கா, மால்வசியா, தெரானோ மாதிரியான தங்கள் மண்ணின் திராட்சைகளைப் பற்றித்தான். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பாட்டில்களில் தங்கள் ஊர்ப் பேர் போய்க்கொண்டிருக்க, அதில் தங்கள் பங்கு துளிதான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இத்தாலிய மொழியோடு ஸ்லோவேனிய மொழியும் பேசும் மக்கள் அங்கே உண்டு. அதனால் ஊர்ப் பலகையிலும் இரண்டு மொழி. மேலே இத்தாலியனில் 'புரோசெக்கோ'. கீழே ஸ்லோவேனியனில் 'புரோசெக்'.